பல்கனியின் கம்பி மேலேயா, கீழேயா?

கொங்கிரீட் நெருக்கும் விசையை நன்கு தாங்கும். இழுக்கும் விசையை அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே தாங்கும். ஆகவே இழுபடும் பக்கத்தில் உருக்குக் கம்பி இடுகிறோம்.

இரு சுவர்களில் தங்கும் தட்டு நடுவில் கீழே வளைவதால் அடிப்பக்கம் இழுபடும். ஒரு பக்கம் மட்டும் பிடிக்கப்பட்ட பல்கனியிலோ மேற்பக்கமே இழுபடும். எனவே அதன் பிரதான கம்பிகள் மேலே இருப்பதோடு, வீட்டுக்குள் உள்ள தட்டினுள்ளும் போதிய தூரம் செல்ல வேண்டும்.

கொங்கிரீட் போடும்போது வேலையாட்கள் மிதித்து அக்கம்பிகள் தாழ்ந்துவிடுவதுண்டு. 120 மில்லிமீற்றர் தடிப்பான தட்டில், அடியிலிருந்து 95 மில்லிமீற்றர் உயரத்தில் இருக்கவேண்டிய கம்பி 55 மில்லிமீற்றருக்கு இறங்கினால், வலிமையில் ஏறக்குறைய 40 சதவீதம் குறையும். பூசிய பின் இக்குறை கண்ணுக்குத் தெரியாது.

வீடு கட்டும் பெற்றோரே, கொங்கிரீட் போடுமுன் மேற்கம்பிகளைத் தாங்கிப் பிடிக்கும் வளைகம்பிகள் உண்டா எனப் பாருங்கள். நம் பிள்ளைகள் சாய்ந்து நிற்கப்போகும் இடம் அது.