நாய் முக்கினால் உடனே எண்ணெய் ஊற்றாதீர்கள்

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று விக்கிரவாண்டி பக்கம் இயற்கை விவசாயத்துக்கு வந்தவன் நான். மல்லாட்டைக் கொல்லைக்குக் காவல் எங்கள் மணிதான். போன கோடையில் ஒருநாள், வேலைக்கு வரும் அக்கா சொன்னார்: "சார், மணி ரெண்டு நாளா குந்திக் குந்தி எழுந்திருக்குது, ஒண்ணும் வரல. வெளக்கெண்ணெய் ஊத்துங்க."

நானும் கிண்ணத்தை எடுத்துவிட்டேன். நல்லவேளை, கால்நடை மருத்துவருக்கு முதலில் போன் செய்தேன். "ஊத்தாதீங்க சார்" என்றார். திமிறும் நாய்க்கு எண்ணெய் புகட்டினால் நுரையீரலுக்குள் போகலாம். குடல் அடைத்திருந்தால் பேதி மருந்து நிலைமையை மோசமாக்கும். இயற்கைப் பொருள் என்றாலே கெடுதல் இல்லை என்று நம்பியிருந்தது என் தப்பு.

அவர் கேட்டது மூன்று கேள்வி. என்ன தின்றது? தண்ணீர் குடித்ததா? மூத்திரம் போகிறதா? விருந்தில் மிஞ்சிய எலும்பை நான்தான் போட்டிருந்தேன். பகல் முழுக்கக் கட்டியே கிடந்தது. தண்ணீர்ச் சட்டி காய்ந்திருந்தது. மென்ற எலும்பு குடலில் ஈரம் வற்றி, சுண்ணாம்புக் கட்டி மாதிரி இறுகிவிடுமாம். கடைசியில் மருத்துவர்தான் எனிமா கொடுத்து எடுத்தார்.

எப்படிக் கண்டுபிடிப்பது?
நல்ல நாய் தினம் ஒன்றிரண்டு தடவை மலம் கழிக்கும். வெகுநேரம் முக்குவது, புழுக்கை போல் காய்ந்த மலம், கழிக்கும்போது வலியில் கத்துவது எல்லாம் மலச்சிக்கலின் அடையாளம். ஆனால் முக்குவதெல்லாம் மலச்சிக்கல் அல்ல. கழிச்சலிலும் முக்கும். மூத்திரம் அடைத்தாலும் முக்கும். அப்போது அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். காயடிக்காத வயதான ஆண் நாய்க்கு புராஸ்டேட் சுரப்பி வீங்கியும் மலப்பாதையை அழுத்தும்.

வீட்டில் என்ன செய்யலாம்?
நாய் சுறுசுறுப்பாக இருந்து, சாப்பிட்டு, வாந்தி எடுக்காமல் இருந்தால் மட்டும் ஒருநாள் பார்க்கலாம். எலும்பை நிறுத்துங்கள். தண்ணீர் தாராளமாக வையுங்கள். சோற்றை நீர்விட்டுக் குழைத்துக் கொடுங்கள். வேகவைத்து மசித்த பரங்கிக்காய், 15 கிலோ நாய்க்கு இரண்டு மேசைக்கரண்டி சேர்க்கலாம். உப்பு, எண்ணெய் வேண்டாம். வெங்காயம் நாய்க்கு நஞ்சு. காலை, மாலை நடக்க விடுங்கள்.

எப்போது காத்திருக்கக் கூடாது?
இரண்டு நாளாக மலம் போகவில்லை, வாந்தி, வயிறு உப்பல், ரத்தம், சாப்பிட மறுப்பது, துணியோ கயிறோ விழுங்கியது, குட்டி நாய் – இதில் எதுவானாலும் உடனே கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். ஆசனவாயில் நூல் தொங்கினால் இழுக்காதீர்கள், குடலை அறுத்துவிடும். மனிதர்களுக்கான எனிமாவும் கூடாது. பாஸ்பேட் கலந்தது நாயின் உயிருக்கே ஆபத்து.

பயிர் வாடினால் மருந்துக்கு ஓடாமல் முதலில் மண்ணைப் பார் என்கிறோம். நாய்க்கும் அதேதான்: தட்டையும் தண்ணீர்ச் சட்டியையும் கட்டிய கயிற்றையும் முதலில் பாருங்கள். இப்போது எங்கள் கொல்லையில் தண்ணீர்ச் சட்டி இரண்டு. எலும்பெல்லாம் தென்னையடியில் ஆழக் குழிக்குப் போகிறது. மணி அவிழ்த்துவிட்டே திரிகிறது.