சிறு கருவிகளுக்கு மலிவான ஏரியல்

கிணற்று நீர்மட்டத்தை அளந்து, கைபேசிக் கோபுரத்திற்குத் தானே செய்தி அனுப்பும் சிறு கருவிக்கு ஏரியலை விலை கொடுத்து வாங்க வேண்டுவதில்லை. சுற்றுப் பலகையிலேயே செப்புக் கோடாக அச்சிட்டுவிடலாம். 300 என்னும் எண்ணை மெகாஹெர்ட்ஸ் கணக்கிலுள்ள அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 900 மெகாஹெர்ட்ஸுக்கு அது ஏறக்குறைய 33 சென்டிமீட்டர். அதன் காற்பங்கு, அதாவது 8 சென்டிமீட்டருக்குச் சற்று மிகுதி, ஏரியலுக்குப் போதும். பலகைப் பொருள் அலையைச் சுருக்குவதால் அச்சிட்ட கோடு இதனினும் குறுகும்.

ஆயினும் கோடு ஏரியலில் ஒரு பாதியே. பலகையின் தரையிணைப்புச் செப்புப் பரப்பே மறுபாதி என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். பலகையை மிகச் சிறிதாக்கினால் கதிர்வீச்சுத் திறன் குன்றும். செய்தியை மிகுந்த ஆற்றலுடன் திரும்பத் திரும்ப அனுப்ப நேர்ந்து, மின்கலம் விரைவில் தீரும். கோட்டின் கீழே செப்பு இருத்தல் ஆகாது. மின்கலமும் விலகியிருத்தல் வேண்டும். இரும்புப் பெட்டியினுள் கருவி ஊமையாகிவிடும். பிளாஸ்டிக் பெட்டியும் அதிர்வெண்ணைச் சிறிது கீழிறக்குமாதலின், பெட்டியை மூடிய பின்னரே இசைவைச் சோதிக்க வேண்டும்.