அடுத்த வீட்டாருக்கு இணையம் கொடுக்குமுன்

ஈப்போவில் கடைக்கு மேல் மாடியில் குடியிருப்போரும், பழைய ரப்பர்த் தோட்ட நிலங்களில் எழுந்த அடுக்குமாடி வீடுகளில் வசிப்போரும் ஒரே இணைய இணைப்பை இரண்டு வீட்டுக்குப் பங்கிட்டு, கட்டணத்தைப் பாதியாகப் பிரித்துக்கொள்வதுண்டு. சிக்கனம் நல்லதே. அடுத்த வீட்டுப் பிள்ளையின் படிப்புக்கு உதவுவது அதனினும் நல்லது. எனினும், வியாபாரிகளாகிய நாம் ஒரு சட்டத்தை அறிந்திருத்தல் அவசியம்.

நம் நாட்டின் 1950ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தில் 114ஏ என்னும் பிரிவு 2012இல் சேர்க்கப்பட்டது. ஓர் இணைப்பிலிருந்து எழுத்தோ படமோ வெளியானால், அவ்விணைப்பு எவர் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரே வெளியிட்டவர் என்று கோர்ட்டு அனுமானிக்கும். அல்லவென்று நிரூபிக்க வேண்டிய பாரம் அவருடையது. பக்கத்து வீட்டுக்கு வந்த விருந்தாளி யாரையேனும் அவதூறாக எழுதினாலும் முதலில் நம் கதவைத்தான் தட்டுவார்கள். பிறர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்திட்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும்!

கொடுப்பதென்று தீர்மானித்தால், நம் வீட்டுக் கடவுச்சொல்லையே கொடுத்துவிடலாகாது. பெரும்பாலான ரூட்டர்களில் விருந்தினருக்கெனத் தனி வைஃபை வைக்க வழியுண்டு. அதற்கு வேறு பெயரும் வேறு கடவுச்சொல்லும் வைத்துக் கொடுத்தால், கடைக் கணக்குள்ள கம்ப்யூட்டரை அவர்கள் எட்டுவது கடினம். ஆனால் வெளியே செல்லும் வழி அப்போதும் ஒன்றே. பொறுப்பும் நம் பெயரிலேயே நிற்கும். ஆகையால் கடவுச்சொல் யார் யாரிடம் உள்ளது எனக் குறித்து வைத்து, அவர்கள் வீடு மாறும் அன்றே அதையும் மாற்றிவிட வேண்டும். காசு வாங்குவதாயின், கம்பெனி ஒப்பந்தம் அதற்கு இடந்தருகிறதா என்று முதலில் வாசித்துப் பார்க்க வேண்டும்.