எஞ்சின் தாங்கி

மாமல்லபுரத்துக் கடற்கரையில், முன்பு கட்டுமரங்கள் நிறைந்திருந்த மணலில் இன்று எஞ்சின் பூட்டிய கண்ணாடியிழைப் படகுகள் நிற்கின்றன. படகின் பின்புறத்தே மாட்டும் இவ்வகை எஞ்சினை, நார்வேயிற் பிறந்த ஓலே எவின்ரூட் என்பார் 1909ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்குக் கொணர்ந்தார்.

உப்பு நீரும் மணலும் எஞ்சினுக்குப் பெரும்பகை. கழற்றிய எஞ்சினை மணலிற் கிடத்தினால் நீர்வழிகளில் மணல் புகும். எஞ்சிய கடல்நீர் உள்ளுறுப்புகளை அரிக்கும். ஆதலின், பழுது பார்ப்போர் மரத்தாலான தாங்கி ஒன்றை அமைத்துக்கொள்ளுதல் நன்று.

அகன்ற அடிக்கட்டைகளின்மீது இரண்டு கால்களை நாட்டி, சாய்வுக் கட்டைகளால் உறுதி செய்து, மேலே தடித்த குறுக்குப்பலகையைப் பொருத்துதல் வேண்டும். படகின் பின்பலகையைப் போலவே இப்பலகையும் எஞ்சினின் திருகுப்பிடிகளை ஏற்கும். விசிறி தரையில் படாத உயரமும் இன்றியமையாதது. நிமிர்ந்து நிற்கும் எஞ்சினிலிருந்து நீர் தானே வடிந்துவிடும்.

நடுக்கடலில் எஞ்சின் நின்றால் படகு அலையின் வயப்படும். கரையிற் காட்டும் கவனமே கடலில் உயிரைக் காக்கும்.