மிஞ்சிய சோறும் வெல்லப் பாகும்

திருப்பதி என்றவுடன் எல்லோருக்கும் லட்டு நினைவிற்கு வரும். 2009ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற அந்த லட்டை நம் வீட்டு அடுப்பில் செய்ய இயலாது. நம் அடுப்பில் செய்யத்தக்க ஓர் இனிப்பைப் பற்றியது இப்பாடம். அதற்கு முதற்பொருள் மிஞ்சிய சோறு.

“காலையில் என்ன உண்டாய்?” என்று வகுப்பில் ஒருமுறை கேட்டேன். ஒரு மாணவன் “பழைய சோறு” என்று சொல்லக் கூசி, “இட்லி” என்றான். அவன் கூசியிருக்க வேண்டுவதில்லை. அவனுடைய தெலுங்குத் தோழர் வீட்டில் அதன் பெயர் சத்தன்னம். சித்தூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில் மிஞ்சிய கேழ்வரகுச் சங்கடியையும் இரவில் நீரில் இட்டு, காலையில் மோரில் கரைத்து உண்பர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையிலும் பழஞ்சோறு வருகிறது. அங்கே உழவர்தம் சிறுவர், பழஞ்சோறு சலித்துப்போய் அவல் இடிக்கின்றனர். அவ்வுலக்கை ஒலிக்குக் கிளிகள் அஞ்சுகின்றன! பழஞ்சோற்றை வேண்டாமென்ற பிள்ளைகள் அன்றும் இருந்தனர்.

இனி இனிப்பிற்கு வருவோம். நண்பகலில் மிஞ்சிய, புளிக்காத சோறு ஒரு குவளை. பால் இரண்டு குவளை. பொடித்த வெல்லம் முக்கால் குவளை. சித்தூர் மாவட்டம் கரும்பு விளையும் நிலம். நல்ல வெல்லத்திற்குக் குறைவில்லை. நான் இவ்வூருக்குப் பணிமாற்றம் பெற்று வந்த புதிதில், சோறு வெந்துகொண்டிருந்த பாலில் வெல்லத்தை அப்படியே இட்டேன். பால் திரிந்துவிட்டது. வெல்லத்தில் சிறிது அமிலத்தன்மை உண்டு. பால் கொதிக்கும்போது அது சேர்ந்தால் பாலின் புரதம் திரளும்.

கொட்டச் சென்ற என்னை அடுத்த வீட்டு அம்மையார், “பாரேயொத்தண்டி!” என்று தடுத்தார். எறிந்துவிடாதீர்கள் என்பது அதன் பொருள். நெய் விட்டுச் சிறுதீயில் கிளறச் சொன்னார். நீர் வற்றியதும் திரட்டுப்பால் போன்றதொரு பண்டம் கிடைத்தது. நான் செய்ய எண்ணியதைவிட அது சுவையாகவே இருந்தது.

முறையாகச் செய்ய விரும்பினால், சோற்றை மசித்துப் பாலில் குழைய வேகவிட்டு இறக்குக. வெல்லத்தைத் தனியே நீரில் கரைத்துக் கொதிக்கவிட்டு, மணல் போக வடிகட்டி ஆறவிடுக. இரண்டும் ஆறியபின் கலந்து, ஏலப்பொடியும் நெய்யில் வறுத்த முந்திரியும் சேர்க்க. அடுப்புப் பணிக்குப் பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும். சோறு பிசுபிசுத்தாலோ வேறு மணம் வீசினாலோ அதனைப் பயன்படுத்துதல் கூடாது.

சொற்பொருள்: கூசுதல் – வெட்கப்படுதல், திரிதல் – தன்மை மாறிக் கெடுதல், பண்டம் – தின்பொருள்.

பயிற்சி
1. பாலில் வெல்லத்தை எப்போது சேர்க்க வேண்டும்? ஏன்?
2. பழைய சோற்றிற்கு உங்கள் பாட்டி ஊரில் வழங்கும் பெயரைக் கேட்டு எழுதுக.
3. நேற்று உங்கள் வீட்டில் மிஞ்சிய உணவு என்னவாயிற்று? ஐந்து தொடர்களில் எழுதுக.