ரசீது இல்லையென்றால் உரிமையும் இல்லையா?

வண்டூரிலிருந்து பஸ் பிடித்துப் போய் நகரத்தில் வாங்கிய மிக்சி ஐந்தாம் நாளே நின்றுவிட்டது. ரயில்வேயில் ஒரு நட்டுக்கும் கையெழுத்து வாங்கியவன் நான்; அன்று ரசீது வாங்க மறந்தேன். கடைக்காரர் கைவிரித்தார்.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்வது வேறு. ரசீது தராததே முறையற்ற வணிகம். ரசீதில் கெடு குறிக்காதபோது, பழுதான பொருளை 30 நாளுக்குள் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அப்படியே.

வாங்கியதற்கு வேறு சான்று காட்டலாம்: கடை முத்திரையிட்ட உத்தரவாத அட்டை, பணம் செலுத்திய வங்கிப் பதிவு. என் செல்போனில் அந்தப் பதிவு இருந்தது. காட்டியதும் மாற்றிக் கொடுத்தார்.

அப்போதும் மறுத்தால் 1915க்கு அழைக்கலாம். 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை.

ரசீது கேட்பது அவமரியாதை அல்ல, அன்பர்களே.