மலிவு எங்கிருந்து வர வேண்டும்

அன்புள்ள தம்பிக்கு,

விரல் நுனியில் மாட்டி இரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை இன்னும் சிறியதாகவும், பாம்பன் முதல் தொண்டி வரை உள்ள ஒவ்வொரு துணைச் சுகாதார நிலையத்துக்கும் கட்டுப்படியாகும் விலையிலும் செய்துவிட வேண்டும் என்று நீ மேற்கொண்டிருக்கும் பிரயத்தனத்தை அறிந்து மனம் நிறைந்தேன். என் அபிப்பிராயத்தைக் கேட்டிருக்கிறாய். மலிவு எந்த இடத்திலிருந்து வர வேண்டும், எந்த இடத்திலிருந்து வரவே கூடாது என்பதை மாத்திரம் சொல்கிறேன்.

இக்கருவியின் மூலக் கருத்தை 1970-களின் தொடக்கத்தில் கண்டவர் ஜப்பானிய நிஹான் கோடன் நிறுவனத்தின் பொறியாளர் தக்குவோ அயோயாகி. இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் அளவைச் சாயத்தின் உதவியால் கணிக்க முயன்ற அவருக்கு, நாடித் துடிப்பினால் ஒளி ஏறி இறங்குவது பெரும் இடையூறாக இருந்தது; அந்த இடையூறே தமனி இரத்தத்தை மட்டும் பிரித்துக் காட்டும் அடையாளம் என்று அவர் உணர்ந்தார். தோலும் எலும்பும் சிரை இரத்தமும் ஏறக்குறைய நிலையாக ஒளியை விழுங்க, துடிக்கும் பங்கு தமனியினுடையது. அதைச் சிவப்பிலும் அகச்சிவப்பிலும் தனித்தனியே அளந்து விகிதம் கண்டால் ஆக்ஸிஜன் ஏற்ற ஹீமோகுளோபினின் பங்கு தெரியவரும். துடிக்கும் அப்பங்கு மொத்த ஒளியில் நூற்றில் ஓரிரு பாகமே என்பதை நீ ஒருபோதும் மறக்கலாகாது.

சிறியதாக்குவது இன்று அரிய வித்தையன்று. சிவப்பு, அகச்சிவப்பு விளக்குகள் இரண்டையும் ஒளியை உணரும் டயோடையும் அதன் சமிக்ஞையை எண்ணாக மாற்றும் சுற்றையும் ஒன்றாக அடக்கி, 5.6 மில்லிமீட்டர் நீளமும் 3.3 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட ஒரே சிப்பாகவே விற்கிறார்கள். விளக்குகளை இமைப்பொழுதுக்கும் குறைவாக மாறி மாறி எரியவிட்டால் சிறிய மின்கலமும் நெடுநாள் தாங்கும். இரண்டும் அணைந்திருக்கும் கணத்தில் உள்ளே கசியும் வெளி வெளிச்சத்தை அளந்து கழித்துவிட்டால், ராமேசுவரத்துக் கடற்கரை வெயிலிலும் கருவி பெருமளவு தடுமாறாது. சிப்பிலும் பிளாஸ்டிக் கூட்டிலும் கோர்க்கும் கூலியிலும் எவ்வளவு சிக்கனம் செய்தாலும் உன்னைக் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் சிவப்பு விளக்கை வாங்கும்போது கை நடுங்க வேண்டும். 660 நானோமீட்டரை ஒட்டிய அலைநீளத்தில், ஆக்ஸிஜன் இழந்த ஹீமோகுளோபின் ஒளியை விழுங்கும் அளவு செங்குத்தாகச் சரிகிறது. விளக்கின் நிறம் சில நானோமீட்டர் நகர்ந்தாலே, நோயாளியின் உடலில் எந்த மாறுதலும் இல்லாமலே, திரையில் எண் மாறிவிடும். அகச்சிவப்பு விளக்கின் 940 நானோமீட்டர் பக்கம் இந்தத் தொல்லை மிகவும் குறைவு. தரம் பிரிக்காத மலிவு விளக்குகள் தொகுதிக்குத் தொகுதி வேறுபடும். சூடேறினாலும் நிறம் நகரும். ஆகையால் விளக்குகளைத் தரம் பிரித்து வாங்குவதற்கான செலவை உன் கணக்கில் முதல் வரியிலேயே எழுது.

அதைவிடப் பெரிய செலவு பரீட்சை. ஆரோக்கியமான மனிதர்களுக்கு ஆக்ஸிஜன் குறைந்த காற்றை மருத்துவர் மேற்பார்வையில் சுவாசிக்கக் கொடுத்து, அவர்கள் தமனி இரத்தத்தை ஆய்வகத்தில் அளந்து, கருவியின் எண்ணோடு ஒப்பிட்டே சிவப்பு, அகச்சிவப்பு ஒளிகளின் அந்த விகிதத்துக்குப் பொருள் தரப்படுகிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2013-இல் வகுத்த வழிகாட்டுதல், குறைந்தது பத்துப் பேரைச் சோதித்து, அவர்களில் இருவரோ பதினைந்து சதவீதமோ, எது அதிகமோ அத்தனை பேர், கருந்தோலினராக இருந்தால் போதும் என்றது. அது போதாது என்பது 2020 டிசம்பரில் வெளிப்பட்டது. மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டிய வேளையில் உண்மையான அளவு 88-க்கும் கீழே இருந்தது, வெள்ளையரில் 3.6 சதவீத அளவீடுகளில், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதத்தில். மூச்சுத் திணறி வந்தவனைப் பார்த்து, உனக்கு ஒன்றுமில்லை என்று ஒரு யந்திரம் சொல்லுமானால் அதைவிட அநியாயம் வேறென்ன?

நம் கரையில் யார் விரலில் இது மாட்டப்படப் போகிறது என்று எண்ணிப் பார். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி மூழ்கி, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு பாசி பறிக்கும் பெண்களின் தோல் வெயிலில் கறுத்தும் பாறையில் காய்த்தும் போயிருக்கிறது. நெடுநேரம் நீரில் கிடந்து விறைத்த விரலில் துடிப்பே மெலிந்திருக்கும். அவர்களில் சோகையுள்ள ஒருத்திக்கும் கருவி 98 காட்டக்கூடும். இருக்கிற ஹீமோகுளோபினில் எத்தனை பங்கு ஆக்ஸிஜன் ஏற்றிருக்கிறது என்றுதான் அது சொல்லும், ஹீமோகுளோபின் போதுமா என்று சொல்லாது. இதைத் தமிழில், பெரிய எழுத்தில், கருவியின் உறையிலேயே அச்சிடு. உப்புக் காற்றில், விரலைக் கவ்வும் இரும்புச் சுருள் பல நாள் நிற்காது, அதையும் கவனி.

தரத்தைக் குறைக்காமலே இது கூடும் என்பதற்கு முன்னுதாரணங்கள் உண்டு. ராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம், ஹைதராபாத் நிஜாம் மருத்துவ விஞ்ஞான நிலையத்தில் மூன்று கிலோவுக்கு மேற்பட்ட உலோகக் கால்தாங்கிகளை இழுத்து நடந்த குழந்தைகளைக் கண்டு, ஏவுகணைக்காக உருவாக்கிய இலேசான பொருளால் 300 கிராம் தாங்கி செய்வித்தார். எடை குறைந்தது பொருளின் குணத்தை அறிந்த அறிவினால். வலுவில் அவர் கை வைக்கவில்லை. அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த ஆரோலேப், 1992 முதல் மதுரையிலேயே கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸைச் செய்து, நூறு டாலரை ஒட்டியிருந்த விலையைப் பத்து டாலர் அளவுக்கு இறக்கிய வரலாறும் இத்தகையதே: ஏராளமாகச் செய்து விலையைக் குறைத்தார்கள், தரத்துக்கு ஐரோப்பிய முத்திரையையும் பெற்றார்கள். மதுரை உனக்குத் தூரமில்லை, போய்ப் பார்.

ராமநாதபுரத்தில் 2022-இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. உன் கருவி ஆய்வகப் பரீட்சையில் தேறிய பின், அங்குள்ள மயக்கவியல் மருத்துவர்களை அணுகி, நெறிமுறைக் குழுவின் அனுமதியும் நோயாளிகளின் சம்மதமும் பெற்று, சிகிச்சைக்காகவே தமனி இரத்தம் எடுக்கப்படுகிறவர்களின் விரலில் அதை மாட்டு. இரண்டு எண்களையும் தோலின் நிறத்தையும் அருகருகே எழுதி, கருவியின் விலையை அறிவிப்பதற்கு முன்னால் அந்த அட்டவணை முழுவதையும், உனக்குச் சாதகமாயினும் பாதகமாயினும், வெளியிடு.